வானலையில் தன்மையிடம்

பேசுவோன் தன்மை, கேட்போன் முன்னிலை, பேசப்படுவோன் படர்க்கை. மூவிடம் எனப்படும் இப்பாகுபாட்டைத் தமிழ்ப் பள்ளி மாணவன் இளம் வகுப்பிலேயே பயின்று விடுகிறான். வினைமுற்றின் விகுதியைக் கண்டு இடத்தை அறிதல் அவனுக்கு எளிது. ஆனால் ஒரு மக்கட் கூட்டம் தன் காலத்துப் பேச்சில் எவ்விடத்தில் நிற்கின்றது என்று அறிதல் அத்துணை எளிதன்று. அதற்கு விகுதி போதாது, வரலாறு வேண்டும்.

கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் வாழும் தமிழரிடம் வானொலியும் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்த வரலாறு இவ்வளவுகோலால் அளந்து பார்க்கத் தக்கது. அலைவரிசைகள் மாறின, பெட்டிகள் மாறின, கட்டணங்கள் மாறின. தமிழ் ஒலிக்கும் நேரம் பன்மடங்கு பெருகிற்று. இவ்வளர்ச்சியைக் கொண்டாடுவோர் பலர். அவர் கூறுவது பொய்யன்று. ஆயினும் அவர் எண்ணுவது மணிக்கணக்கை மட்டுமே. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பினால் வேறொரு கணக்குப் புலப்படும். அக்கணக்கில் வரவு குறைவு.

கூடிக் கேட்ட காலம்

மலாயா வானொலி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சிங்கப்பூரில் தொடங்கிற்று. அது கையாண்ட மொழிகளுள் தமிழும் ஒன்று. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டை ஒட்டி வாழ்ந்த மக்களின் மனத்தை வெல்லுதல் அரசுக்கு இன்றியமையாத தேவையாயிற்று. பிற்காலத்தில் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனத்துக்குத் தலைமை இயக்குநரான ஹியூ கார்ல்டன் கிரீன் 1950இல் அவசரகாலத் தகவல் பணியின் தலைவராக மலாயாவுக்கு வந்தார். வானொலிப் பெட்டி வாங்க இயலாத மக்களுக்காகச் சிற்றூர்களிலும் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மாலையில் மக்கள் அவற்றின் முன் கூடினர்.

அக்கூட்டம் முன்னிலையில் நின்ற கூட்டம். அதனை நோக்கிப் பேசினார்கள், அதற்கு அறிவுரை கூறினார்கள், அதனை எச்சரித்தார்கள். அவ்வொலிபரப்பின் உள்ளக்கிடக்கை ஏவல் முற்றாகவே இருந்தது. இன்னது செய், இன்னது செய்யாதே என்பதே அதன் சுருக்கம்.

ஆயினும் முன்னிலை இழிந்த இடமன்று. தன்னை ஒருவர் விளித்துப் பேசுகிறார் என்னும் உணர்வு மனிதனுக்கு ஒரு மதிப்பைத் தருகிறது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் மரம் வெட்டிப் பால் எடுத்து, கிராணியின் கணக்குக்கும் கங்காணியின் குரலுக்கும் அடங்கி வாழ்ந்த தொழிலாளியை, 'அன்பார்ந்த நேயர்களே' என்று ஒரு குரல் அழைத்தது. அவன் வாழ்வில் அவனை அவ்வாறு அழைத்தவர் வேறு யார்? மேலும் அவ்வானொலி நாடகத்தையும் இசையையும் சொற்பொழிவையும் கொணர்ந்தது. உள்நாட்டு எழுத்தாளர்க்கு மேடையும் தந்தது. ஒரு தலைமுறை எழுத்தாளரை வளர்த்த பெருமை இதழ்களுக்கு அடுத்தபடியாக வானொலிக்கு உரியது.

1959இல் மலாயா வானொலியின் தலைமையிடம் கோலாலம்பூருக்கு மாறிற்று. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1969ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் இரண்டாம் அலைவரிசை வந்தது. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் மீது நிறுவப்பட்ட ஒளிபரப்புக் கோபுரம் வடபுலத்துக்குப் படத்தைக் கொண்டு சேர்த்தது. அம்மலையின் அடிவாரத்தில் புஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. கடாரம் என்று தமிழகம் ஒருகாலத்தில் அறிந்திருந்த நிலம் அது. கப்பல்களுக்கு வழி காட்டிய மலை பின்னர் வானலைகளுக்கு வழியாயிற்று.

அக்கோபுரத்திலிருந்து இறங்கி வந்த தமிழ் சிறிதளவே. செய்திக்குச் சில நிமிடம், ஒரு திரைப்படம், ஒருசில நிகழ்ச்சிகள். ஆனால் அச்சிறு தமிழுக்குக் கட்டணம் தனியே இல்லை. லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் பத்து வீட்டார் அதன் முன் அமர்ந்தனர். பற்றாக்குறையே மக்களைக் கூட்டி வைத்தது. இதனைப் பொற்காலம் என்று புகழ்தல் பிழை, வறுமையைப் புகழ்வதாகும். கூடிப் பார்க்கும் வழக்கம் இருந்தது என்பது மட்டுமே இங்கே குறிக்கத்தக்கது.

கெடாவின் பீடோங் வட்டாரத்தில் பிறந்த ரெ. கார்த்திகேசு ஒலிபரப்புத் துறையில் பணியாற்றியவர். பின்னர்ப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, தொலைக்காட்சி ஒரு புதிய நாட்டைக் கட்டும் கருவியாகப் பயன்படுத்தப்பட்ட வகையை ஆராய்ந்தார். 2016இல் மறைந்தார். தம் நாவல் ஒன்றுக்கு அவர் 'வானத்து வேலிகள்' என்று பெயரிட்டார். அந்நாவலின் பொருள் வேறு. ஆயினும் ஒலிபரப்பின் கதையைச் சொல்ல வருவோர்க்கு அப்பெயர் மிகவும் பொருந்துகிறது. வானத்திற்கு வேலி இல்லை என்று மக்கள் நம்பினர். வேலி இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

கட்டணம் கட்டிப் பெற்ற படர்க்கை

1984ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தனியார் துறையின் முதல் அலைவரிசையாக டி.வி.3 வந்தது. அதே காலத்தில் வீடியோ நாடாக்கள் தோட்டங்களுக்குள் புகுந்தன. 1995இல் மெகா டி.வி. என்னும் கட்டணத் தொலைக்காட்சி தொடங்கிற்று, 2001இல் நின்றது. அதனினும் நிலைத்த மாற்றம் விண்வழி வந்தது. 1996ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் மீசாட்-1 என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ நிறுவனம் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. 'வானவில்' அலைவரிசையில் தமிழ் நாள் முழுதும் ஒலிக்கலாயிற்று. காலப்போக்கில் தமிழகத்து அலைவரிசைகளும் உள்நாட்டுத் தமிழ் அலைவரிசைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன.

லயங்களின் கூரைகளில் தட்டுகள் முளைத்தன. முன்பு ஒரு திரைப்படத்துக்காக வாரம் முழுதும் காத்திருந்தவர் இப்போது ஒரே இரவில் மூன்று படங்களைப் பார்க்கலாம். முதியோர்க்கு இது தனிமைத் துணையாயிற்று. பிள்ளைகளுக்குத் தமிழ் ஒலிப்பு பழகிற்று. இந்நன்மைகளை மறைத்தல் நேர்மையன்று.

ஆனால் இடம் மாறிற்று. பழைய ஒலிபரப்பு தோட்டத்து மக்களை நோக்கிப் பேசிற்று. புதிய ஒளிபரப்பு சந்தாதாரரை நோக்கிப் பேசுகிறது. தோட்டத்தார் சந்தாதாரர் என்னும் முறையில் மட்டுமே முன்னிலை ஆவர். தோட்டத்தார் என்னும் முறையில் படர்க்கை ஆவர். கெடாவின் பெயர் செய்தியில் அடிபடுவது எப்போது? வெள்ளம் வரும்போது, விபத்து நேரும்போது, குண்டர் கும்பல் பிடிபடும்போது, தேர்தல் வரும்போது. 'அவர்கள் வறியவர்கள்', 'அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள்', 'அவர்கள் விழித்துக்கொள்ள வேண்டும்' என்று அம்மக்களைப் பற்றிப் பேசப்படுகிறது.

உள்நாட்டு நிகழ்ச்சிகள் இல்லாமலில்லை. ஆர்.டி.எம். ஒளிபரப்பிய 'வசந்தம்', ஆஸ்ட்ரோவின் 'விழுதுகள்' முதலிய நிகழ்ச்சிகள் சமூகத்தின் சிக்கல்களைத் தமிழில் எடுத்துப் பேசின. இவை பாராட்டுக்குரியவை. எனினும் இவற்றின் கூடம் தலைநகரில் உள்ளது. அங்காசாபுரிக்கோ புக்கிட் ஜாலிலுக்கோ சென்று வரச் சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு நாள் வேலையை விட வேண்டும். ஆதலால் இத்தகைய மேடையில் வல்லுநர் அமர்வதும், வாழ்ந்தவர் வீட்டிலிருந்து பார்ப்பதும் இயல்பாகின்றன. இஃது எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்ததன்று. தொலைவு விளைத்த குறை. வணிகம் விளைத்த குறை.

இக்குறையின் விலை என்ன என்பதை 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் உணர்த்திற்று. ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் அதே ஜெராய் மலையிலிருந்து பெருவெள்ளம் மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு இறங்கிற்று. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பாலிங் வட்டாரத்தில் கூப்பாங் பகுதியைச் சேற்று வெள்ளம் அழித்தது. இத்தகைய நாளில் மக்களுக்கு வேண்டியது எது? எந்தச் சாலை அடைபட்டது, எந்தப் பாலம் போயிற்று, எந்தப் பள்ளியில் தங்க இடம் உண்டு என்னும் ஊர்ச்செய்தி. கெடா எஃப்.எம். மாநில மக்களுக்காக மலாய் மொழியில் ஒலிக்கிறது. கெடாவிலிருந்து கெடாத் தமிழருக்காகத் தமிழில் பேசும் நிலையம் ஒன்றும் இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழ் கேட்கும் வீட்டில், பக்கத்து ஊர்ப் பாலத்தைப் பற்றிய ஒரு தமிழ்ச் சொல் உரிய நேரத்தில் கேட்க வழியில்லை. இதுவே அலைவரிசை வளத்தின் உள்ளே இருக்கும் வறுமை.

எண் மாறினால் இடமும் மாறும்

ஊர்மக்களே பேசும் ஒளிபரப்பு என்பது வெறும் கனவன்று. பிற நாடுகள் அதனைச் சட்டமாக்கிப் பார்த்துள்ளன. அமெரிக்காவில் கம்பிவழித் தொலைக்காட்சி பரவிய காலத்தில், 1972இல், பெருநகரப் பகுதிகளில் புதிதாகத் தொடங்கும் கம்பி நிறுவனங்கள் பொதுமக்களுக்கு ஓர் அலைவரிசையும், கல்விக்கு ஒன்றும், ஊராட்சிக்கு ஒன்றும் ஒதுக்க வேண்டும் என்று கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் விதித்தது. தெருவைத் தோண்டிக் கம்பி புதைப்பவர் அத்தெருவார்க்கு ஒரு கைம்மாறு செய்தல் வேண்டும் என்பதே இதன் நியாயம். 1979இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதாக்கிற்று. 1984இல் வந்த சட்டம், ஊராட்சிகள் விரும்பினால் உரிமம் வழங்கும்போது இவ்வலைவரிசைகளைக் கேட்டுப் பெறலாம் என்று மீண்டும் வழி திறந்தது.

பின்னர் நேர்ந்தது கருதத்தக்கது. 2008இல் மிச்சிகன் மாநிலத்தில் காம்காஸ்ட் நிறுவனம் இவ்வூர் அலைவரிசைகளைத் தொடக்க எண்களிலிருந்து எடுத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட எண்களுக்கு மாற்ற முனைந்தது. அவற்றைக் காணப் புதிய பெட்டி வேண்டும். ஊர்கள் நீதிமன்றம் சென்றன. கூட்டரசு நீதிபதி அம்மாற்றத்தைத் தடுத்து ஆணையிட்டார். அலைவரிசையை மூட எவரும் முனையவில்லை என்பதைக் காண்க. எண்ணை மாற்றினால் போதும். முற்றத்தில் இருந்தவனைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினால், வீட்டை விட்டு விரட்டினோம் என்னும் பழி வாராது. ஆனால் விருந்தினர் அவனைக் காணார்.

மலேசியாவிலும் எண்ணும் பெட்டியும் மாறின. 2019ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் கெடாவைச் சேர்ந்த லங்காவியில்தான் பழைய வகை ஒளிபரப்பு நாட்டிலேயே முதன்முதலாக நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுதும் இலக்கமுறை ஒளிபரப்புக்கு மாறிற்று. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசப் பெட்டிகள் வழங்கப்பட்டன. பழைய முறையில் ஓர் அலைவரிசை அடைத்திருந்த அகலத்தில் புதிய முறையில் பல அலைவரிசைகள் அடங்கும். இடம் போதாது என்னும் பழைய காரணம் அன்றோடு வலுவிழந்தது. இடம் பெருகிய அவ்வேளையில், ஊர்த் தமிழுக்கு ஒரு மூலை வேண்டும் என்னும் கோரிக்கை தமிழர் நடுவில் ஓங்கி ஒலிக்கவில்லை. எத்தனை படங்கள் கிடைக்கும் என்று கேட்டோர் உண்டு. எத்தனை நிமிடம் பேசலாம் என்று கேட்டோர் அரியர்.

சட்டமும் துணை நிற்கவில்லை. 1998ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் உரிமங்கள் நால்வகைப்படும். கட்டமைப்பு, கட்டமைப்புச் சேவை, பயன்பாட்டுச் சேவை, உள்ளடக்கச் சேவை என்பன அவை. ஊர்ச் சமூகத்துக்கு எனத் தனிவகை அவற்றுள் இல்லை.

தமிழகத்தில் நிலை சற்று வேறு. 1990களில் கம்பிவழித் தொலைக்காட்சி பரவியபோது ஊர்தோறும் கேபிள் நடத்துவோர் தத்தம் உள்ளூர் அலைவரிசையை நடத்தினர். திரைப்படத்துக்கும் கடை விளம்பரத்துக்கும் இடையே ஊர்க் கோவில் தேரோட்டமும் பள்ளி ஆண்டு விழாவும் திரையில் தோன்றின. தரம் குறைவு என்று கற்றோர் நகைத்தனர். நகைப்பு நியாயமே. ஆனால் தன் தெருவைத் திரையில் கண்ட பாட்டியின் முகமலர்ச்சியை அந்நகைப்பு அளக்கவில்லை. 2007இல் தமிழக அரசே கேபிள் நிறுவனம் அமைத்தது. 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கிற்று. இணைப்பு மலிந்தது நன்றே. எனினும் மலிவாகப் பார்க்கும் உரிமை வேறு, பேசும் உரிமை வேறு. முன்னதைத் தந்துவிட்டால் பின்னது தானே வந்துவிடாது.

பின்னதற்கும் அங்கே ஒரு வழி உண்டாயிற்று. வானலை பொதுச்சொத்து என்று 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமூக வானொலி தொடங்கிற்று. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைக்க வழி பிறந்தது. 2016இல் பாம்பனில் 'கடல் ஓசை' என்னும் வானொலி மீனவர்க்காகத் தொடங்கப்பட்டது. கடலைப் பற்றிக் கடலோரத்தாரே பேசுகின்றனர். அங்கே மீனவன் படர்க்கையல்லன், முன்னிலை மட்டுமல்லன், தன்மை.

நாமும் நாங்களும்

ஈண்டு ஒரு தடை எழும். கைப்பேசி வந்துவிட்ட இக்காலத்தில் இவ்வாதம் எதற்கு? ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்பதிவுக் கருவி உள்ளது. சுங்கை பட்டாணித் தைப்பூசக் காவடியை உலகமே நேரலையில் காண்கிறது. பேச விரும்புவோன் பேசலாம், தடுப்பார் யார்?

இத்தடை வலுவுடையது. ஆயினும் விடை தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. தன்மை ஒருமையும் பன்மையும் என இருவகைப்படும். பன்மையிலும் தமிழ் ஒரு நுட்பம் கொண்டுள்ளது. 'நாங்கள்' என்பது கேட்போரை விலக்கும். 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டுக்குத் தனிச்சொல் இல்லை. தமிழுக்கும் மலாய்மொழிக்கும் உண்டு.

கைப்பேசி தந்திருப்பது தன்மை ஒருமை. 'நான் உண்கிறேன்', 'நான் ஆடுகிறேன்', 'நான் சினக்கிறேன்' என்னும் குரல்கள் எண்ணிறந்தன. ஒவ்வொன்றும் ஒரு நாள் வாழ்ந்து மறைகிறது. ஊர்ப்பொது ஒளிபரப்பு தருவதோ தன்மைப் பன்மை. ஒருவர் ஒருங்கிணைக்க, ஒருவர் வினவ, ஒருவர் விடை கூற, ஒருவர் பிழை திருத்த, ஒருவர் பாதுகாத்து வைக்க, ஊர் ஒன்றாகப் பேசும் பேச்சு அது. குறித்த நேரத்தில் வருவதால் மக்கள் அதற்காகக் காத்திருப்பர்; காத்திருப்பதால் அடுத்த நாள் அதைப் பற்றி உரையாடுவர். உரையாடல் பிறக்குமிடத்தில் 'நாம்' பிறக்கும்.

அதுவன்றி, 'நாம்' என்னும் சொல்லை இன்று எளிதாக எடுத்தாளுவோர் விளம்பரக்காரரும் மேடைப் பேச்சாளருமே. 'நாம் முன்னேற வேண்டும்' என்று தலைநகரிலிருந்து ஒருவர் கூறும்போது, அந்த 'நாம்' கோலக்கெட்டில் தோட்டத்துக் கிழவியை உண்மையில் உளப்படுத்துகிறதா? அவள் வாய் திறக்காதவரை அது சொல்லளவில் உளப்பாடு, பொருளளவில் விலக்கு.

அவள் வாயைத் திறந்து கேட்க வேண்டியவை பல. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். கெடாவிலிருந்தும் சென்றனர். மீளாதோர் மிகப் பலர். அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' நாவலில் அத்துயரத்துக்கு இலக்கிய வடிவம் தந்தார். நாவல் செய்யும் பணி பெரிது. எனினும் தந்தை போவதை வாசலில் நின்று கண்ட குழந்தையின் சொந்தக் குரலுக்கு மாற்று இல்லை. அக்குழந்தைகள் இன்று எண்பத்தைந்து அகவையைக் கடந்தவர்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிலர் குறைகின்றனர். தமிழ் ஒளிபரப்பின் நீண்ட மணிக்கணக்கில் அக்குரல்களுக்குக் கிடைத்த மணித்துளிகள் எத்தனை?

அவர்களோடு மொழியும் போகிறது. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும், சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளும் தோட்டத்துப் பிள்ளைகளை ஈர்த்தன. வாழ்வு உயர்ந்தது, வருந்துவதற்கில்லை. ஆனால் பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்களை வாழ்ந்து அறிந்தவர் அருகி வருகின்றனர். அகராதியில் சொல்லைச் சேர்க்கலாம். அதைச் சொல்லும் ஒலியையும், சொல்லும்போது எழும் பெருமூச்சையும் ஒலிப்பதிவு ஒன்றே காக்கும்.

ஆசிரியரின் பொறுப்பு

பழியை நிறுவனங்கள் மீதும் சட்டத்தின் மீதும் சுமத்திவிட்டு அமைதல் எளிது. அது முழு உண்மையாகாது. நாளையே சுங்கை பட்டாணியில் ஓர் ஒலிவாங்கி வைக்கப்பட்டு, 'பேசுங்கள்' என்று அழைக்கப்பட்டால் நிகழ்வது என்ன? வந்து நிற்கும் மாணவன் மனப்பாடம் செய்த உரையை ஒப்பிப்பான். 'அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நடுவர்களே' என்று தொடங்குவான். கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்துவான். குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்துவான். உரை எழுதியவர் ஆசிரியர். குரல் மட்டுமே மாணவனுடையது. பரிசு கிடைக்கும். ஆனால் அப்பேச்சில் தன்மையிடம் இல்லை. 'நான்' என்று அவன் கூறுமிடத்திலும் பேசுவோர் ஆசிரியரே.

தோட்டத்துத் தமிழுக்குப் பள்ளி செய்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'பெரட்டு' என்று மாணவன் எழுதினால் அது கொச்சை என்று சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. பிறமொழித் திரிபு என்று விளக்கமும் தரப்பட்டது. செந்தமிழைக் கற்பித்தல் ஆசிரியர் கடன், அதில் ஐயமில்லை. ஆனால் தாயின் மொழியில் தலைகுனிவு உண்டாக்குதல் அக்கடனில் அடங்காது. தன் வீட்டுச் சொல் ஒவ்வொன்றும் பிழை என்று கற்ற பிள்ளை, வளர்ந்தபின் ஒலிவாங்கியைக் கண்டால் ஒதுங்கி நிற்பான். அல்லது திரைப்படத்துப் பேச்சைக் கடன் வாங்கிப் பேசுவான். உள்நாட்டு அலைவரிசைகளிலும் சென்னைத் திரைப்பேச்சு மிகுவதைக் குறை கூறும் ஆசிரியர், அவ்வெற்றிடத்தில் தம் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுதல் நன்று.

ஆதலின் ஊர்ப்பொது ஒளிபரப்புக்கான முதற்பயிற்சி வகுப்பறையில் தொடங்க வேண்டும். செலவு பெரிதன்று. ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முதியவரைக் கண்டு, அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். வினாக்களை மாணவரே அமைக்க வேண்டும். முதியவரின் சொல்லைத் திருத்தலாகாது. பதிவுக்கு நாள், இடம், பேசியவர் இசைவு ஆகிய குறிப்புகள் வேண்டும். ஒரு படி பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். பத்துப் பள்ளிகள் சேர்ந்தால் ஐந்தாண்டில் ஒரு வட்டாரத்தின் குரற்களஞ்சியம் உருவாகும். பேச்சுப் போட்டிக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

களஞ்சியம் கையில் இருந்தால் கோரிக்கைக்கும் வலுவுண்டு. ஆர்.டி.எம். நிறுவனத்துக்கு மாநிலத்தில் நிலையம் இருக்கிறது. நாடு தழுவிய தமிழ் ஒலிபரப்பாக மின்னல் பண்பலை இருக்கிறது. கெடாவில் பதிவு செய்து கெடாவார் பேசும் அரைமணி நேரத்தை வாரந்தோறும் அதில் கேட்பது பேராசையாகுமா? மலேசியரில் இந்தியர் ஏறத்தாழ நூற்றுக்கு எழுவர். சிறிய சந்தைக்கு வட்டார நிகழ்ச்சி கட்டுபடியாகாது என்பர். வணிக நிறுவனத்துக்கு அவ்விடை பொருந்தலாம். பொது நிறுவனத்துக்குப் பொருந்தாது. பெருந்தொற்றின்போது, 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், ஒரு வணிக அலைவரிசையாகிய என்.டி.வி.7இல் கல்வியமைச்சின் 'டிடிக் டி.வி.' தொடங்கப்பட்டது. தேவை உண்மை என்று ஏற்கப்பட்டால் முழு அலைவரிசையையே பொதுப்பணிக்குத் திருப்பலாம் என்பதற்கு அதுவே சான்று. அரைமணி நேரத்துக்கு வழியில்லை என்று கூற அதன்பின் எவருக்கும் இயலாது.

ஊரார் பேச்சு கேட்கத் தக்கதாய் இராது, இழுவையும் திணறலும் மிகுந்திருக்கும் என்று அஞ்சுவோரும் உளர். தொடக்கத்தில் அவ்வாறே இருக்கும். நடை பழகும் குழந்தை விழும் என்பதற்காக அதனை இடுப்பிலேயே வைத்திருக்கும் தாய் இல்லை. கேட்கும் தரம் உயர வேண்டுமாயின் பேசும் வாய்ப்பு முதலில் வர வேண்டும்.

கெடாத் தமிழர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நல்ல நேயர்களாக இருந்துள்ளனர். பொதுப் பெட்டியின் முன் கூடினர். லயத்து வீட்டில் ஒருங்கே அமர்ந்தனர். கூரையில் தட்டு வைத்துக் கட்டணம் செலுத்தினர். பெட்டி மாறியபோது பெட்டியை மாற்றினர். வானலை அவர்களை விளித்துள்ளது. அவர்களைப் பற்றிப் பேசியுள்ளது. மூவிடங்களுள் இரண்டைக் கண்டுவிட்டனர். மூன்றாவதற்கு உரிய வினையைத் தமிழாசிரியர் வகுப்பறையில் கற்பிக்கத் தொடங்கினால், ஒலிபரப்பு நிலையங்கள் பின்தொடர்ந்து வரும். வாராது போயினும், அக்குரல்களேனும் பள்ளி நூலகத்தில் இருக்கும்.